தேய்ந்தது ஒன்று, தேய்த்தது வேறு

வாடிப்பட்டியில் நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறை. என் சித்தப்பா மகனுடைய பிக்கப் வண்டி ஜாக்கியில் நின்றது. முன்சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்டு வேப்பமரத்தில் சாய்ந்திருந்தன. மெக்கானிக் கழற்றிக் கொடுத்த பிரேக் பேடைத் தம்பி என் உள்ளங்கையில் வைத்தான். ஒரு விரல் தடிமனுக்கு இருந்திருக்க வேண்டிய கறுப்புப் பூச்சு, பிஸ்கட் விளிம்பு போல மெலிந்து, ஒரு மூலையில் இரும்பே தெரிந்தது.

"ஆடியில ஒரு செட்டு மாத்துனேண்ணே. கார்த்திகையில ஒண்ணு. இப்பப் பங்குனி, இந்தா மறுபடியும் இரும்போட இரும்பு ஒரசுது. எறக்கத்துல காந்தல் வாடை வேற."

வாரத்துக்கு இரண்டு மூன்று நடை அவனுக்கு. வாடிப்பட்டித் தோப்புகளின் தேங்காயை ஏற்றிக்கொண்டு அம்மையநாயக்கனூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுவான். திரும்பும்போது கேரட்டும் பீன்ஸும் மலைப்பூண்டுமாக மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு இறங்குவான். ஏறும்போது வண்டிக்குப் பாடு, இறங்கும்போது பிரேக்குக்குப் பாடு.

மெக்கானிக் பின்சக்கர டிரம்மையும் திறந்து பார்த்தார். முன்னே பேடு போல, அதற்குள் தேய்வது லைனர். "பின்னாடி பிரச்சினையே இல்ல. லைனர் புதுசாட்டம் இருக்கு" என்றார். எங்கள் எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைவில் வைத்திருங்கள்.

ஒரே பழுது மூன்று முறை வந்தால், மாற்றிய சாமான் மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். இல்லாவிட்டால் ஓட்டுகிறவனைக் குறை சொல்வோம். ஆனால் பிரேக்கில் தேய்ந்தது ஒன்றாகவும் தேய்த்தது வேறாகவும் இருப்பது வழக்கம். அதைப் புரிந்துகொள்ள, காலால் மிதித்ததும் அந்த இரும்புக் கூட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வேகம் எங்கே போகிறது?

ஓடும் வண்டியின் வேகம் சும்மா மறைந்துவிடாது. வெப்பமாக மாறியே தீரும். சரக்கோடு சேர்த்து 3 டன் எடையுள்ள ஒரு பிக்கப், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 4 லட்சத்து 17 ஆயிரம் ஜூல். சமையலறைக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 1.4 லிட்டர் தண்ணீரைக் குழாய்ச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். அடுப்பில் சில நிமிடங்கள் பிடிக்கும் அந்த வேலையை பிரேக் நான்கைந்து நொடியில் முடிக்கிறது. வேகம் 80 ஆனால் கணக்கு 80-க்கு ஏற்றபடி மெல்லக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் வெப்பம் முக்கால் பங்குக்கும் மேல் எகிறிவிடும்.

இது சமவெளிக் கணக்கு. மலைக் கணக்கு இன்னும் பெரிது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை கடந்து காமக்காப்பட்டி அடிவாரத்துக்கு வரும்போது வண்டி 1,700 மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த 3 டன் இவ்வளவு தூரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 5 கோடி ஜூல். வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை, கிட்டத்தட்ட முழுவதுமாக ஆவியாக்கிவிட அது போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜினும் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். மிச்சம் முழுவதும் நான்கு சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பின் தலையில்தான்.

தம்பியின் வண்டியில் முன்சக்கரத் தட்டை, அதாவது பேடு கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கைத் துடைத்துப் பார்த்தபோது அதன்மேல் நீலம் பாய்ந்திருந்தது. அது யாரும் பூசிய நிறமல்ல. இரும்பின் மேற்பரப்பு ஏறத்தாழ 300 டிகிரிக்குச் சூடேறும்போது அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு ஏடு படர்கிறது. மழைத் தண்ணீரில் சிந்திய டீசல் வானவில் காட்டுவது போல, அந்த ஏட்டில் பட்டுத் திரும்பும் ஒளி நீலமாகத் தெரிகிறது. தட்டு தான் பட்ட சூட்டைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருந்தது.

இத்தனை சூட்டையும் தாங்கிப் பிடிக்கும் பேடு எதனால் ஆனது? சூட்டில் உருகாத ஒருவகைப் பிசின், நார், உலோகத் தூள், கிராபைட். இவற்றோடு பல பேடுகளில் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைக் கெட்டிப்படுத்திப் பொடித்த தூளும் சேர்கிறது. பண்ருட்டிப் பக்கம் பருப்பை எடுத்தபின் குவிகிறதே, அந்த ஓட்டில் ஊறும், கையில் பட்டால் தோலைப் பொசுக்கும் அதே எண்ணெய்தான். பிரேக் கீச்சிடாமல், அதிராமல், மெத்தெனப் பிடிப்பதற்கு அது உதவுகிறது. இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் கிளையாக 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் சென்னைப் பாடியை மையமாகக் கொண்டு வளர்ந்தன.

எவ்வளவு நல்ல பேடானாலும் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் உள்ளிருக்கும் பிசின் சிதைந்து வாயு கிளம்பும். பேடுக்கும் தட்டுக்கும் நடுவில் அந்த வாயு மெத்தை போல நிற்க, மிதித்தாலும் பிடிப்பு வழுக்கும். இறக்கத்தில் வரும் காந்தல் வாடை அந்தச் சிதைவின் வாடைதான்.

கடுகளவு நகர்வு

ஒருவர் காலால் மிதித்து 3 டன்னை நிறுத்த முடிவதே ஆச்சரியம். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்டு சொன்ன விதி அதற்குப் பின்னால் இருக்கிறது. மூடிய கலனுக்குள் இருக்கும் திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும். மிதியின் நெம்புகோல் காலின் விசையைச் சில மடங்காக்குகிறது. என்ஜின் ஓடும்போது கிடைக்கும் வெற்றிடத்தைக் கொண்டு பூஸ்டர் மேலும் சில மடங்காக்குகிறது. பிறகு மாஸ்டர் சிலிண்டரின் சிறிய பிஸ்டன் தள்ளும் ஆயில், சக்கரத்தில் உள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, விசையும் நான்கு மடங்கு.

இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. விசை பெருகும் அளவுக்கு நகர்வு சுருங்கும். காலடியில் மிதி பல சென்டிமீட்டர் இறங்கினாலும், சக்கரத்தில் பேடு நகர்வது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான்.

காலை எடுத்ததும் பேடு எப்படிப் பின்வாங்குகிறது? டிரம் பிரேக்கில் அதற்கு ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனை இழுக்கப் பெரும்பாலும் ஸ்பிரிங்கே கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்புள்ள ஒரு ரப்பர் வளையம்தான் அந்த வேலையைச் செய்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது வளையம் அதைப் பற்றியபடியே சற்று முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் விலகியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னே இழுத்துவிடும். பேடு தேயத் தேய, பிஸ்டன் வளையத்துக்குள் சற்று வழுக்கி முன்னே நகர்ந்து புதிய இடத்தில் நிற்கும். கசியாமல் காப்பது, பின்னிழுப்பது, தேய்மானத்துக்கு ஈடுகட்டுவது என மூன்று வேலையையும் ஒரு ரப்பர் வளையம் பார்க்கிறது.

பிஸ்டனில் துரு ஏறினாலோ வளையம் விறைத்துப்போனாலோ அந்த மயிரிழைப் பின்வாங்கல் நடக்காது. மிதிக்காதபோதும் பேடு தட்டைத் தொட்டுக்கொண்டே ஓடும். புதுப் பேடு போட்டால் புதுப் பேடும் அப்படியே தேயும்.

சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸும் இதே தொல்லையைத் தரும். வெளியே பளபளப்பாக இருக்கும் பழைய ஹோஸின் உட்சுவர் உப்பி, துவாரம் ஊசிமுனையாகிவிடும். காலின் பெருவிசை ஆயிலை உள்ளே தள்ளிவிடும். திரும்பி வர அதற்கு விசை போதாது. ஒரு சக்கரம் மட்டும் தொடமுடியாத சூட்டில் இருந்தால் பேடைக் குறை சொல்லும் முன் பிஸ்டனையும் ஹோஸையும் சந்தேகப்பட வேண்டும். தம்பியின் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தது. ஆகவே இவை இரண்டும் இல்லை என்று மெக்கானிக் ஒதுக்கிவிட்டார்.

தடயம் மறையும் பழுது

மலையில் ஓடும் டிரைவர்கள் மிகவும் பயப்படுவது வேறொன்றுக்கு. நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக், இறக்கத்தின் பாதியில் திடீரென்று பள்ளமாக உள்ளே போய்விடும். எப்படியோ வண்டியை நிறுத்தி, அரைமணி நேரம் கழித்து மிதித்தால் கல் போல நிற்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால், "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்கள். அவர்கள் பார்க்கும் நேரத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

குற்றவாளி தண்ணீர். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் இல்லை, கிளைக்கால் வகைத் திரவம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டப்பாவின் மூடி வழியாகவும் ரப்பர் ஹோஸின் நுண்துளைகள் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே வருகிறது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. 3.7 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகையில் 230 என்பது 155 ஆகிறது.

இறக்கத்தில் தட்டின் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு ஏறுகிறது. ஈரம் கலந்த ஆயில் கொதித்து ஆவிக் குமிழி விடுகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பேடு நகர வேண்டியது கடுகளவு என்று பார்த்தோம் அல்லவா? அந்தக் கடுகளவு நகர்வுக்காகக் கால் தரும் முழு மிதியும் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். தடயமே இருக்காது. மிதி பள்ளம் விழுந்தால் ஏர் எடுப்பது, அதாவது ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, நம் பட்டறைகளின் முதல் வைத்தியம். ஆனால் அதே பழைய ஆயிலை வைத்துக்கொண்டு எத்தனை முறை ஏர் எடுத்தாலும், அடுத்த இறக்கத்தில் அது மறுபடி கொதிக்கும்.

தண்ணீரை உறிஞ்சுவது கெட்ட குணம் என்றால், உறிஞ்சாத திரவத்தைப் பயன்படுத்தலாமே? அப்படிச் செய்தால் உள்ளே வந்த தண்ணீர் கரையாமல் சொட்டாகத் திரண்டு, தாழ்ந்த இடமான சக்கரத்துப் பிஸ்டனருகே போய்த் தேங்கும். அங்கே துருவை உண்டாக்கும். 100 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே ஆயிலின் உறிஞ்சும் குணம் ஒரு காவல்தான். அந்தக் காவலுக்கு ஆயுள் உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றச் சொல்வது இதனால்தான். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றுவது இன்னும் ஆபத்து. உள்ளே உள்ள ரப்பர் அத்தனையும் உப்பிப்போகும்.

புதுத் தட்டும் பழைய துருவும்

திரும்பத் திரும்ப வரும் இன்னொரு பழுது நடுக்கம். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறும், மிதி காலைத் தட்டும். தட்டு கோணிவிட்டது என்று லேத்தில் கொடுத்துக் கடைந்து வருவார்கள், அல்லது புதிது போடுவார்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் போனதும் நடுக்கம் திரும்பிவிடும்.

கோணல் பெரும்பாலும் தட்டில் இருப்பதில்லை. தட்டு உட்காரும் இடத்தில் இருக்கிறது. ஹப்பின் முகத்தில் சுரண்டாமல் விட்ட துரு, மணல் பருக்கை அளவு இருந்தாலும் போதும். புதுத் தட்டு அதன்மேல் சற்றுச் சாய்ந்து உட்காரும். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்காமல் வரிசையாக இறுக்கினாலும் அதே சாய்வு வரும். முதலில் எதுவும் தெரியாது. ஆனால் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் தட்டின் ஒரே இடம் பேடைத் தொட்டுவிட்டுப் போகும். அந்த இடம் மட்டும் துளித்துளியாகத் தேயும். நம் தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பங்கு அளவு வித்தியாசம் தட்டின் தடிமனில் வந்துவிட்டால் போதும், கால் அதை உணர்ந்துவிடும். காலம் தாழ்த்தி வருவதால் காரணத்தை யாரும் புதுத் தட்டு மாட்டிய அன்றோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பத்து நிமிடம் உப்புத்தாள் வைத்து ஹப்பைத் தேய்த்திருந்தால் தட்டின் காசு மிஞ்சியிருக்கும்.

பட்டை சொன்ன தவறான சேதி

தம்பியின் வண்டியில் நடுக்கம் இல்லை. பிஸ்டன் தடையின்றி நகர்ந்தது. ஆயிலை அப்போதே மாற்றினார்கள். ஆனாலும் மூன்று செட்டு பேடுக்குக் காரணம் கிடைக்கவில்லை. அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருந்த பட்டறையின் மூத்த மெக்கானிக் எழுந்து வந்தார். முன்சக்கரத்தின் பக்கமே அவர் போகவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டியின் பின்புறம் அடியில் படுத்தார்.

"பட்டை ஏத்துனியா தம்பி?"

"ஆமாண்ணே. போன வருசம் ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு சேத்தேன். லோடு வச்சா பின்னாடி உக்காந்துருது."

"இங்க வந்து பாரு."

நானும் குனிந்து பார்த்தேன். பட்டை என்று அவர்கள் சொன்னது, பின் அச்சின்மேல் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையை. பின் அச்சிலிருந்து சட்டத்துக்கு ஒரு மெல்லிய கம்பி போனது. அதன் மேல்முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வால்வு. பிரேக் ஆயில் அதன் வழியாகத்தான் பின்சக்கரங்களுக்குப் போகிறது.

பிக்கப் வண்டிக்கே உரிய சிக்கல் ஒன்றை அந்தக் கம்பி தீர்க்கிறது. காரில் காலியாக இருக்கும்போதும் ஆளேறும்போதும் பின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிக்கப்பில் காலிப் பின்புறம் பஞ்சு, சரக்கேறினால் பாறை. காலி வண்டியில் பின்சக்கரத்துக்கு முழு அழுத்தம் கொடுத்தால் அது இறுகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும். பின்புறம் சுழன்று முன்னே வந்துவிடும். சரக்கேறிய வண்டியிலோ பின்சக்கரமும் முழுப்பங்கு பிடித்தாக வேண்டும். இந்த இரண்டு நிலையையும் வண்டி எப்படித் தெரிந்துகொள்ளும்? பாரம் ஏறினால் பட்டை தாழும், சட்டம் அச்சை நெருங்கும், நடுவில் உள்ள கம்பி சாயும். அந்தச் சாய்வுக்கு ஏற்ப வால்வு பின்பக்கம் கூடுதல் அழுத்தத்தை விடும். மின்சாரமோ கணினியோ இல்லை. பட்டை தாழ்வதைக் கொண்டே வண்டி எடை பார்க்கிறது.

தம்பி பட்டை சேர்த்தான். சரக்கு ஏறியும் சட்டம் தாழவில்லை. கம்பி சாயவில்லை. மூட்டை மூட்டையாகக் கேரட் அடுக்கியிருந்தபோதும் வால்வுக்குப் போன சேதி ஒன்றுதான்: வண்டி காலி. காலி வண்டிக்கு உரிய குறைந்த அழுத்தத்தையே அது பின்னுக்கு விட்டது. மலையிறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்னே சாயும். பின்சக்கரம் சுமக்க வேண்டிய பங்கும் சேர்ந்து முன்பேடுகளின்மேல் விழுந்தது.

பின்லைனர் புதிதுபோல் இருந்தது எங்களுக்கு ஆறுதல் தந்ததே, அதுதான் நோயின் முதல் அறிகுறி. வேலை செய்கிற பிரேக் தேயும். தேயாத பிரேக் வேலை செய்யவில்லை. முன்னே மூன்று செட்டு தீர்ந்த காலத்தில் பின்னே ஒன்றுமே குறையவில்லை என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் மட்டும்தான் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்.

"கம்பிய வளச்சு விட்டுட்டா சரியாப் போகுமாண்ணே?" என்று தம்பி கேட்டான். பெரியவர் மறுத்துத் தலையசைத்தார். குத்துமதிப்பாக வளைத்தால், காலி வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மழையில் அது உயிரோடு விளையாடுவது. "பட்டையக் கழத்து. கம்பிய கம்பெனி சொன்ன அளவுல வையி. லோடக் கொற." மூன்றும் செலவில்லாத வைத்தியம். மூன்றாவதுதான் வலிக்கும், ஒவ்வொரு நடையிலும் சில மூட்டைகள் குறையும். தம்பி வாசலில் நின்று விரல்விட்டுக் கணக்குப் பார்த்தான். பேடு செலவையும் பட்டறையில் கிடக்கும் நாட்களையும் அதில் சேர்த்துப் பார்த்தபின் பட்டையைக் கழற்றச் சொன்னான்.

இறங்கும் முறையையும் மாற்றிக்கொண்டான். ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்களின் பாடம். தாழ்ந்த கியரில் சக்கரம் என்ஜினை வேகமாகச் சுற்றவைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பில் இறக்கத்தின் ஆற்றல் கரையும். பிரேக்குக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் அந்த உதவியை இழக்கிறார்கள். என்ஜினையும் அணைத்துவிட்டால் பூஸ்டரின் வெற்றிடம் சில மிதியில் தீர்ந்து, பிறகு காலின் பலம் மட்டுமே மிஞ்சும்.

ஆவணியில் மறுபடி அந்தப் பட்டறைக்குப் போனோம். பழுதுக்காகப் போகவில்லை, பார்த்துவிட்டு வரத்தான் போனோம். முன்பேடு பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பெரியவர் பின் டிரம்மைத் தட்டிக் கழற்றி, உள்ளிருந்த தூசியைக் கீழே தட்டினார். ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் விழுந்தது. லைனரை விரலால் தடவித் தம்பியிடம் நீட்டினார். ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக அது தேய்ந்திருந்தது.

தம்பி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத் தேஞ்சிருக்குண்ணே" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.